கல் வீட்டுக்கு எத்தனை டன்?

2026 ஜனவரி 1 முதல் ஏசிகளுக்கான, எரிசக்தித் திறன் செயலகத்தின் புதிய ஸ்டார் அட்டவணை நடைமுறைக்கு வந்துவிட்டது. நேற்றைய ஐந்து ஸ்டார் இன்று நான்கு. நேற்றைய நான்கு இன்று மூன்று. 2025 செப்டம்பரில் ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததில் கிடைத்த விலைச் சலுகையில் ஒரு பகுதியை இந்த மாற்றம் தின்றுவிடும். அதை வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொல்வது மெக்கானிக்குகளான நம் வேலை, சொல்லிக்கொள்வோம். அட்டவணை இறுகியது சரியான முடிவு என்பதே இந்த இதழின் நிலை. அதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆனால் ஸ்டார் எந்த அறையில் அளக்கப்படுகிறது? உள்ளே 27 டிகிரி, வெளியே 35 டிகிரி என்று நிறுத்திய சோதனைக் கூடத்தில். ஸ்டாரைத் தீர்மானிக்கும் ஐசீர் கணக்கு, வெளி வெப்பம் 24 முதல் 43 டிகிரி வரை போகும் 1,600 மணி நேரத்துக்குப் போடப்படுகிறது. மெஷினை மெஷினோடு ஒப்பிட அது போதும். மானாம்பதி, உத்திரமேரூர் பக்கத்துப் பழைய தெருக்களில், கருங்கல்லும் சுண்ணாம்புமாக நிற்கும் வீடுகளில் அதே மெஷின் எப்படி ஓடும் என்பதற்கு அந்த ஸ்டிக்கரில் விடை இல்லை. இந்த இதழ் பல ஆண்டுகளாகக் கேட்டுவருவது அந்த விடையைத்தான்.

கல் வீடு குளிர்ச்சி என்று ஊரே நம்புகிறது. நம்மிலும் பலர் அதை நம்பி டன்னைக் குறைத்துச் சொல்கிறோம், அல்லது பயந்து ஏற்றிச் சொல்கிறோம். கணக்கு வேறு. ஒன்றரை அடிக் கருங்கல் சுவரின் யூ மதிப்பு, அதாவது அது வெப்பத்தை உள்ளே விடும் அளவு, ஏறக்குறைய 3. இருபுறமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு அது 2-ஐ ஒட்டியே இருக்கும். அதாவது தடிமன் இரண்டு மடங்கு இருந்தும் கல் சுவர்தான் அதிக வெப்பத்தை உள்ளே விடுகிறது. கல் செய்யும் உதவி தாமதம் மட்டுமே. மேற்குச் சுவரில் பிற்பகல் மூன்று மணிக்கு ஏறும் சூடு உள்பக்கம் வந்து சேர எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும். வீட்டுக்காரர் ஏசியைப் போட்டுப் படுக்கும் நேரத்தில்தான் சுவர் தன் சூட்டைக் கக்குகிறது. கோடையில் இரவு பதினோரு மணிக்கு “ரூம் குளிரவே இல்லை” என்று வரும் போன்களில் எத்தனை, கேஸ் குறைவால் வந்தவை அல்ல என்று நண்பர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அதே தடிமனில் பத்துக்குப் பத்து அடிக் கல் சுவர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எடை சுமார் 11,000 கிலோ. அதை மூன்று டிகிரி இறக்க ஏறக்குறைய 7 யூனிட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஒன்றரை டன் மெஷின் ஒரு மணி நேரத்துக்கு மேல் முழுத் திறனில் ஓடி, வேறு எதையும் தொடாமல், அந்த ஒரு சுவரை மட்டும் குளிர்வித்தால்தான் இது முடியும். கூரையும் மற்ற மூன்று சுவர்களும் இன்னும் பாக்கி. ரிமோட்டில் 24 என்று காட்டும்போதும் சுவர் 33-ல் நின்றால் உடம்புக்கு அது 24 அல்ல. உடனே வீட்டுக்காரர் 18-க்கு இறக்குகிறார். அடுத்த கோடையில் இரண்டு டன் வாங்குகிறார். சின்ன அறையில் பெரிய மெஷின் காற்றைச் சட்டென்று குளிர்வித்து ஓய்ந்துவிடுகிறது, ஈரம் இறங்குவதில்லை. சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமெண்ட் பூசி எமல்ஷன் அடித்திருந்தால் உள்ளே சிக்கிய ஈரத்துக்குப் போக வழியில்லை, பூச்சு உப்பி உதிர்கிறது. கெட்ட பெயர் மெக்கானிக்குக்கு.

2020 ஜனவரி முதல் ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்றார்கள். 2025 ஜூனில் 20 முதல் 28 வரைதான் வைக்க முடியும்படி செய்யப்போவதாக மத்திய மின்துறை அமைச்சர் அறிவித்தார். மறுபடியும் மறுபடியும் ரிமோட்டைப் பிடித்து இழுக்கிறார்கள். சுவரை யாரும் பார்ப்பதில்லை. வீடுகளுக்கென 2018-ல் வந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா கூரையின் யூ மதிப்பை 1.2-க்குள் வைக்கச் சொல்கிறது, நல்ல விதி. ஆனால் அது புதிதாகக் கட்டுவோருக்கு, அதுவும் 500 சதுர மீட்டர், அதாவது 12 சென்டுக்கு மேற்பட்ட மனைகளுக்கு. நம் ஊர்ப் பழைய வீடு எந்த விதியிலும் இல்லை. 2019-ன் இந்தியக் குளிர்விப்புச் செயல் திட்டம், குளிர்விப்புத் தேவையையே 2037-38-க்குள் 20 முதல் 25 சதவீதம் குறைப்போம் என்றது. ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி என்றும் சொன்னது. பயிற்சியில் பிரேசிங்கும் ஆர்-290 பாதுகாப்பும் கட்டாயம் வேண்டும். அறையின் லோடு கணக்கும் அதே அளவு வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டாத மெஷினுக்குத் தண்டனை உண்டு. கணக்கே போடாமல் இரண்டு டன்னைத் தள்ளிவிடும் கடைக்கு எதுவும் இல்லை. இது அநீதி.

முடியாத காரியமும் அல்ல. இங்கிலாந்தில் பழைய கல் வீடுகளுக்கு, எரிவாயு பாய்லரை எடுத்துவிட்டு, நம் ஏசியின் சுழற்சியையே திருப்பி ஓட்டும் ஹீட் பம்ப் பொருத்துகிறார்கள். அரசு 7,500 பவுண்டு மானியம் தருகிறது. ஆனால் சான்று பெற்ற நிறுவனம் அறை அறையாக வெப்ப இழப்புக் கணக்குப் போட்டுத்தான் பொருத்த வேண்டும். குளிருக்கு அவர்கள் செய்வதை வெயிலுக்கு நாம் ஏன் செய்யக் கூடாது?

செயலகத்திடம் நாம் கேட்பது ஒன்றுதான்: ஒவ்வொரு விற்பனை பில்லோடும் ஒரு பக்க லோடு தாளைக் கட்டாயமாக்குங்கள். சுவர் என்ன, எத்தனை அங்குலம், மேற்கு வெயில் உண்டா, கூரை மெட்ராஸ் டெரசா, கற்பலகையா, ஓடா, காங்கிரீட்டா என்ற கேள்விகள் அதில் இருக்கட்டும்.

அதுவரை நண்பர்கள் தாங்களே எழுதத் தொடங்குங்கள். கல் வீட்டில் முதலில் கூரைக்கு வெள்ளைப் பூச்சோ கூலிங் டைல்ஸோ, மேற்குச் சுவருக்கு வெளியே நிழலோ கேளுங்கள். பிறகு டன் பேசுங்கள். கோர் கட்டிங் போடுமுன் சுவரின் நடுவில் உதிரிக் கல் நிரப்பு இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். அவுட்டோர் யூனிட்டைச் சுவரில் தொங்கவிடாமல் தரை ஸ்டாண்டில் வையுங்கள். ஏப்ரல் பிறக்குமுன் உங்கள் லோடு தாள்களின் நகலை, வீட்டுக்காரர் பெயரை நீக்கிவிட்டு, இதழுக்கு அனுப்புங்கள். அவற்றைத் தொகுத்துச் செயலகத்திடம் நேரில் கொடுப்போம்.