கடல் உமிழும் செவ்வொளி

“கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்று நம் பெரியோர் சொல்வதுண்டு. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்திலிருந்து சமுத்திரத்தைப் பார்க்கும் யந்திரக் கண்ணுக்கும் இந்த விதி பொருந்தும் என்பதை நேயர்கள் அறிந்தால் வியப்படைவார்கள்.

கடலின் மேல்மட்டத்தில், கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் கோடானுகோடி மிதக்கின்றன. சூரிய வெளிச்சத்தைக் கொண்டு பூமியில் நடைபெறும் உணவு உற்பத்தியில் ஏறக்குறையப் பாதி இவற்றின் கைங்கரியமே. இவை இல்லையேல் மீனினம் ஏது? இப்பாசிகள் தாம் உட்கொண்ட வெளிச்சத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கைச் செவ்வொளியாகத் திரும்ப உமிழ்கின்றன. 2002-ஆம் வருஷம் மே மாதம் அமெரிக்கா விண்ணில் செலுத்திய ‘அக்வா’ என்னும் செயற்கைக் கோளில், அந்த மங்கிய ஒளியை அளப்பதற்கென்றே ‘மோடிஸ்’ என்ற கருவியில் ஏற்பாடு செய்திருந்தார்கள்.

ஆனால் கோளை எட்டும் வெளிச்சத்தில் பெரும்பகுதி கடலினுடையதன்று. ஆகாயத்தில் சிதறி வந்தது. அதைக் கழித்த பிறகே கடலின் பங்கு தெரியும். கழித்தலில் சிறு பிசகு நேர்ந்தாலும் விடை பெரிதும் கெட்டுவிடும் அல்லவா?

ஆகையால் விஞ்ஞானிகள் கடலுக்கே போய் விசாரிக்கிறார்கள். கோள் கடந்து செல்லும் வேளையையொட்டிக் கப்பலிலிருந்து நீரை முகந்து வடிகட்டி, தங்கிய பாசியின் பச்சையத்தை அஸிடோனில் கரைத்து, நீல ஒளி பாய்ச்சி அளக்கிறார்கள். ஹவாயிலுள்ள லனாய் தீவின் அருகே 1997-இல் ஒரு பெரிய மிதவையையும் மிதக்கவிட்டார்கள். நீருக்குள் வெவ்வேறு ஆழங்களில் நீட்டிய கைகளால் அது ஒளியை அளக்கிறது. வானத்துக் கருவிகளுக்கு அதுவே உரைகல். அதன் கண்ணாடிகளில் பாசி படியாமலிருக்க முக்குளிப்பவர்கள் இறங்கித் துடைக்க வேண்டியிருக்கிறது. பாசியை அளக்கும் கருவிக்குப் பாசியே பகை!

அளவு சரியாயிருந்தால் மட்டும் போதுமா? அதன் பொருளும் சரியாக விளங்க வேண்டும். ஒளி மிகுந்தால் பாசியும் மிகுதி என்றே எவரும் நினைப்பார்கள். 2009-ஆம் வருஷத்தில், ஓரிகன் மாநில சர்வகலாசாலையைச் சேர்ந்த மைக்கேல் பெஹ்ரன்ஃபெல்டும் அவருடைய கூட்டாளிகளும் வேறொரு செய்தியை வெளியிட்டார்கள். இரும்புச் சத்துக் கிட்டாத பாசி, பெற்ற வெளிச்சத்தைப் பயன்படுத்த இயலாமல் அதிகமாக உமிழ்கிறதாம். தென்மேற்குப் பருவக் காற்றுக் காலத்தில் இந்து மகா சமுத்திரத்தின் சில பகுதிகள் இவ்வாறு ஒளிர்ந்தன.

இதை நிச்சயிக்கவும் கப்பல்தான் வேண்டும். கடல்நீரை இரு பாத்திரங்களில் எடுத்து, ஒன்றில் மட்டும் அணுவளவு இரும்பைச் சேர்த்து, எதில் பாசி செழிக்கிறதென்று பார்ப்பது ஒரு முறை. இந்தச் சிரமத்தை ஏற்காவிட்டால், பசித்திருக்கும் கடலைப் பார்த்து அமோக விளைச்சல் என்று எழுதி வைத்துவிடுவோம். நமது கரையோரத்து மீனவர் குடும்பங்களுக்கு அந்தக் கணக்கால் என்ன பிரயோஜனம்?