அவதாரம் வந்தா நம்மை மீட்கும்?

2024-ஆம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி ‘கல்கி 2898 ஏடி’ என்ற சினிமா வெளிவந்தது. நாக் அஸ்வின் எடுத்த தெலுங்குப் படம், தமிழிலும் பேசிற்று. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் ஆலைத் தோழர்களும் கரும்பு வெட்டும் தோழர்களும் காசு கொடுத்துப் பார்த்தார்கள். நாமும் பார்த்தோம். “படம் பிரமாதம்” என்றார்கள். பிரமாதம்தான். அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

கதை என்ன? எண்ணூற்றுச் சொச்சம் ஆண்டுகள் கழித்து உலகம் வறண்டு கிடக்கிறது. மிஞ்சியது காசி நகரம் ஒன்றுதான். அதன் தலைக்கு மேலே ‘காம்ப்ளெக்ஸ்’ என்றொரு மாளிகை. தண்ணீரும் பசுமையும் சோறும் அங்கே. புழுதியும் பசியும் கீழே. மேலே போகப் பத்து லட்சம் யூனிட் கட்ட வேண்டும். கருத்தரிக்கக் கூடிய பெண்களைப் பிடித்துப் போய், மேலே இருப்பவனின் ஆராய்ச்சிக்குப் பலி கொடுக்கிறார்கள்.

இது வெறும் கற்பனையா? 2024 நவம்பர் 30-ந் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. வெள்ளம் வந்தால் முதலில் எங்கே புகும்? பள்ளத்தில் இருக்கும் சேரியில்! மேட்டிலே ஊர், பள்ளத்திலே சேரி. இந்தக் காம்ப்ளெக்ஸ் தலைமுறை தலைமுறையாக நம் ஜில்லாவில் நிற்கிறது.

கொடுமையைப் படம் சரியாகவே காட்டுகிறது. விடுதலையைக் காட்டும்போதுதான் கதை புரள்கிறது. கீழே கிடக்கும் ஜனங்களுக்கு அங்கே என்ன வேலை? விலை போவது, ஓடுவது, சாவது. சம்பாலா என்ற மறைவிடத்தில் சிலர் எதிர்த்து நிற்பது உண்மை. அவர்களுக்குத் தலைமை மரியம் என்ற பெண்மணி. “எல்லோருக்கும் இடம் கொடுத்தோமே” என்று படக்காரர்கள் சொல்லலாம். அந்த மக்கள் எதற்காக உயிரை விடுகிறார்கள்? பிறக்கப் போகும் அவதாரத்தைக் காப்பதற்காக!

கதாநாயகனோ யூனிட்டுக்காக ஆள் பிடித்துக் கொடுப்பவன். முடிவில் அவனுக்கு வீரம் எங்கிருந்து வருகிறது? முற்பிறவியில் அவன் கர்ணனாம்! நம் பக்கத்துத் தெருக்கூத்தில் ‘கர்ண மோட்சம்’ விடிய விடியப் பார்த்தவர்கள் நாம். தேரோட்டி வளர்த்த பிள்ளை என்று சபையிலே இழிவுபடுத்தப்பட்டவன் கர்ணன். பிறப்பைச் சொல்லி அவமதிக்கப்பட்டவனையே பிறவிப் பெருமைக்குச் சாட்சியாக்கி விட்டார்கள். 2898-லும் பிறவிதான் பெருமையா?

பாரதக் கதை யாருக்குச் சொந்தம் என்ற சண்டை நமக்குப் புதிதல்ல. விழுப்புரம் ஜில்லா மேல்பாதி கிராமத்துத் திரௌபதி அம்மன் கோயிலில் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழையக் கூடாது என்று தடுத்தார்கள். 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்கு சீல் வைத்தார்கள். வழக்கு ஹைகோர்ட் வரை போயிற்று. 2025 ஏப்ரலில் அந்த மக்கள் உள்ளே போய்க் கும்பிட்டார்கள். அந்தக் கதவை எந்த அவதாரம் திறந்தது? விடாமல் நின்ற ஜனங்கள் திறந்தார்கள்!

இந்த வியாதி நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. 1927-ல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த ‘மெட்ரோபோலிஸ்’ படத்தில் தொழிலாளிகள் பூமிக்கு அடியில், முதலாளிகள் மேலே. கடைசியில் முதலாளியும் தொழிலாளியும் கை குலுக்குவதோடு சரி! ஆனால் 2013-ல் கொரியாக்காரர் போங் ஜூன் ஹோ எடுத்த ‘ஸ்னோபியர்சர்’ படத்தில் ரயிலின் கடைசிப் பெட்டி ஏழைகள் தாங்களே கிளம்பி முன் பெட்டிகளைப் பிடிக்கிறார்கள். ஆகவே மனம் இருந்தால் சினிமாவிலும் முடியும்.

தோழர்களே, படம் பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பாருங்கள். பார்த்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்து கேளுங்கள்: அந்த மாளிகையைக் கட்டியது யார்? அங்கே தின்ற சோற்றை விளைவித்தது யார்? கூட்டித் துடைத்தது யார்? அவன் ஏன் கதையை நடத்தவில்லை?

கந்தலை மாட்டி நம்மைக் கூட்டத்தில் நிறுத்துவது இடம் கொடுத்ததாகாது. கரும்பு வெட்டுகிறவனும் நாற்று நடுகிறவளும் கதையை நடத்த வேண்டும். வாழ்க்கையிலும் அப்படித்தான். அவதாரத்துக்குக் காத்திருப்பது நம் வேலையல்ல!