ஒரே கருந்துளை, ஒரே எக்ஸ்ரே... விடை மட்டும் இரண்டு! சிக்னஸ் எக்ஸ்-1 எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது?

பூமியில் இருந்து சுமார் 7,200 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது சிக்னஸ் எக்ஸ்-1. கருந்துளை என்று விஞ்ஞானிகள் பரவலாக ஏற்றுக்கொண்ட முதல் பொருள் இதுதான். கண்டுபிடித்து 60 ஆண்டுகள் தாண்டிவிட்டன. எத்தனையோ செயற்கைக்கோள்கள் இதைப் பார்த்துவிட்டன. ஆனாலும், 'இது எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது?' என்ற கேள்விக்கு மட்டும் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் பதில் இன்னும் கிடைக்கவில்லை.

2024ல் வெளியான ஓர் ஆய்வு இந்தச் சிக்கலைப் போட்டு உடைத்தது. எக்ஸ்ரே தரவை ஒரு விதமாகக் கணக்கிட்டால் சுழற்சி 0.92. இயற்கை அனுமதிக்கும் உச்ச அளவு 1 என்பதால், இது கிட்டத்தட்ட முழு வேகம். அதே கணக்கில் ஒரு மெல்லிய வாயு அடுக்கைக் கூடுதலாகச் சேர்த்தால், விடை 0.1 அல்லது அதற்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதாவது, சுழற்சி இருக்கிறதா என்பதே சந்தேகம்.

அதெப்படி ஒரே தரவில் இருந்து இரண்டு விடை வரும்?

எக்ஸ்ரே எங்கிருந்து வருகிறது?

ஒளிகூடத் தப்பிக்க முடியாத இடம்தான் கருந்துளை. அப்படியிருக்க அதில் இருந்து எக்ஸ்ரே எப்படி வரும் என்று கேட்கலாம். உள்ளே இருந்து வரவில்லை, வெளியே இருந்துதான் வருகிறது.

சிக்னஸ் எக்ஸ்-1க்கு ஒரு ஜோடி உண்டு. எச்டிஇ 226868 என்ற பிரம்மாண்டமான நீல நட்சத்திரம். இரண்டும் 5.6 நாட்களுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. நட்சத்திரத்தில் இருந்து வீசும் வாயுவைக் கருந்துளை இழுத்துக்கொள்கிறது. அந்த வாயு நேராகப் போய் விழுவதில்லை. தட்டு போலப் பரவி, சுழன்று சுழன்று உள்ளே இறங்குகிறது. இறங்க இறங்க உராய்வில் சூடாகி, உள் விளிம்பில் லட்சக்கணக்கான டிகிரியைத் தொடுகிறது. அந்தச் சூட்டில் வாயு எக்ஸ்ரேயில் ஒளிர்கிறது.

எக்ஸ்ரேயை நம் காற்று மண்டலம் உறிஞ்சிவிடும். அதனால் மேலே போய்த்தான் பார்க்க வேண்டும். 1964ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் இருந்து ஏவிய ராக்கெட் சோதனையில்தான் இது முதலில் சிக்கியது. பிறகு 1970ல் கென்யக் கடற்கரையை ஒட்டிய மேடையில் இருந்து உஹுரு செயற்கைக்கோள் கிளம்பியது. உஹுரு என்றால் சுவாஹிலி மொழியில் விடுதலை. அதன் தரவுகளுக்குப் பிறகு, 1971ல் பிரிட்டனின் லூயிஸ் வெப்ஸ்டர், பால் மர்டின் ஒரு பக்கமும், கனடாவில் டாம் போல்ட்டன் இன்னொரு பக்கமும், அந்த நீல நட்சத்திரம் கண்ணுக்குத் தெரியாத கனமான ஒன்றைச் சுற்றுவதைக் கண்டுபிடித்தனர்.

1974ல் ஸ்டீபன் ஹாக்கிங் 'இது கருந்துளை இல்லை' என்று கிப் தோர்னிடம் பந்தயம் கட்டினார். 1990ல் தோற்றதை ஒப்புக்கொண்டார்.

எடையைக் கண்டுபிடித்தது எப்படி?

இதற்கு எக்ஸ்ரே முக்கியம் இல்லை. துணை நட்சத்திரம் நம்மை நோக்கி வரும்போது அதன் ஒளி நீலப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் லேசாக நகரும். அதை வைத்து நட்சத்திரத்தின் வேகம், வேகத்தை வைத்து அதை ஆட்டிவைக்கும் பொருளின் எடை.

இதிலும் ஒரு திருத்தம் நடந்தது. 2011ல் தூரம் சுமார் 6,000 ஒளியாண்டு, எடை சூரியனைப் போல 14.8 மடங்கு என்று கணக்கிட்டார்கள். 2021ல் ரேடியோ தொலைநோக்கிகளின் வலையமைப்பு மூலம் தூரத்தை மறுபடி அளந்தபோது 7,200 ஒளியாண்டு என்று வந்தது. உடனே எடையும் சூரியனைப் போல சுமார் 21 மடங்காகக் கூடியது. தூரத்துக்கும் எடைக்கும் என்ன சம்பந்தம்? தெருக்கோடியில் எரியும் விளக்கு நாம் நினைத்ததைவிடத் தள்ளி இருக்கிறது என்று தெரிந்தால், அது நினைத்ததைவிடப் பிரகாசமான விளக்கு என்றுதானே அர்த்தம். நட்சத்திரம் இன்னும் பிரகாசமானது, அதனால் பெரியது, கனமானது. அதை ஆட்டிவைக்கும் கருந்துளையும் கனமானது.

எண் மாறினாலும் முறையில் பெரிய சண்டை இல்லை. சண்டை எல்லாம் சுழற்சியில்தான்.

பார்க்க முடியாத ஒன்றின் சுழற்சியை அளப்பது எப்படி?

கருந்துளைக்கு மேற்பரப்பு கிடையாது. சுற்றுகிறதா என்று பார்க்க ஒரு புள்ளிகூட இல்லை. ஆனால் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் ஒரு வழி தருகிறது. கருந்துளை எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ, வாயுத் தட்டு அவ்வளவு நெருக்கமாக வர முடியும். சூரியனைப் போல 21 மடங்கு எடை என்றால், சுழலாத கருந்துளையைச் சுற்றியுள்ள தட்டு மையத்தில் இருந்து சுமார் 190 கிலோமீட்டரிலேயே நின்றுவிடும். உச்ச வேகத்தில் சுழன்றால் சுமார் 30 கிலோமீட்டர் வரை வரும். தட்டின் உள் விளிம்பு எங்கே என்று தெரிந்தால் சுழற்சி தெரிந்துவிடும்.

அந்த விளிம்பைத் தேடத்தான் எக்ஸ்ரே நிறமாலை. இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, நிறத்தை வைத்துச் சூட்டைச் சொல்வது. கொல்லன் பட்டறையில் இரும்பு முதலில் சிவக்கும், சூடு ஏற ஏற மஞ்சளாகி வெளுக்கும். எக்ஸ்ரேயின் 'நிறம்' தட்டின் சூட்டைக் காட்டும். சூடும், நமக்கு வந்து சேரும் ஒளியின் அளவும், தூரமும் தெரிந்தால் ஒளிரும் பரப்பு எவ்வளவு என்று கணக்கிடலாம். பரப்பில் இருந்து விளிம்பு.

இரண்டாவது வழி, இரும்பு. தட்டில் இருக்கும் இரும்பு அணுக்கள் 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஒரு குறிப்பிட்ட எக்ஸ்ரேயை உமிழும். நிறமாலையில் அது ஊசி போல ஒரு கோடாக நிற்க வேண்டும். ஆனால் தட்டு பயங்கர வேகத்தில் சுழல்வதாலும், கருந்துளையின் ஈர்ப்பு ஒளியின் ஆற்றலையே குறைப்பதாலும், கோடு அகன்று ஒரு பக்கம் இழுபட்டுத் தெரியும். எவ்வளவு இழுபடுகிறதோ, விளிம்பு அவ்வளவு நெருக்கம். இந்த வழிக்குத் தூரமோ எடையோ தேவையில்லை என்பது பெரிய வசதி. சிக்னஸ் எக்ஸ்-1ன் அகன்ற இரும்புக் கோட்டுக்கு இந்த விளக்கத்தை 1989லேயே முன்வைத்துவிட்டார்கள்.

2011ல் முதல் வழியில் கணக்கிட்டபோது சுழற்சி 0.95க்கும் மேல் என்றது முடிவு. 2021ன் புதிய எடையைப் போட்டபோது 1-ஐத் தொட்டுவிடும் அளவுக்குப் போனது.

பிறகு எங்கே சிக்கல்?

2015 செப்டம்பரில் ஈர்ப்பு அலைகளை லைகோ நேரடியாகப் பதிவு செய்தது. அதன் பிறகு மோதி இணையும் கருந்துளை ஜோடிகள் வரிசையாகச் சிக்கின. அவற்றில் பெரும்பாலானவை மெதுவாகச் சுழல்பவை. எக்ஸ்ரேயில் அளந்தவை மட்டும் ஏன் இத்தனை வேகம்? இரண்டும் வேறு வேறு இனமா, இல்லை அளவையில் கோளாறா?

வேகம் உண்மை என்றால் இன்னொரு கேள்வியும் வருகிறது. வாயுவை விழுங்கி விழுங்கி வேகம் பிடிக்கக் கருந்துளைக்கு வழக்கமான கணக்கில் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும். பக்கத்தில் இருக்கும் நீல நட்சத்திரத்தின் ஆயுளோ சில பத்து லட்சம் ஆண்டுகள்தான். அப்படியென்றால் பிறக்கும்போதே வேகமாகப் பிறந்திருக்க வேண்டும். அல்லது ஒரு காலத்தில் வரம்பை மீறி வாரி விழுங்கியிருக்க வேண்டும்.

தட்டின் சாய்வும் உறுதியாகத் தெரியவில்லை. சாய்த்துப் பிடித்த தட்டின் பரப்பு குறைவாகத் தெரியும் என்பதால், கணக்குக்குச் சாய்வு ரொம்ப முக்கியம். ஜோடி சுற்றும் பாதையை வைத்து 27 டிகிரி என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் 2022ல் நாசாவின் ஐஎக்ஸ்பிஇ செயற்கைக்கோள் எக்ஸ்ரேயின் முனைவாக்கத்தை அளந்தபோது அது சுமார் 4 சதவீதமாக இருந்தது. எதிர்பார்த்ததைவிட அதிகம். தட்டின் உட்பகுதி இன்னும் அதிகமாகச் சாய்ந்திருக்க வேண்டும் என்பது அந்தக் குழுவின் விளக்கம்.

இதற்கெல்லாம் மேலேதான் 2024 ஆய்வு சொல்லும் வாயு அடுக்கு. தட்டின் மேல் போர்வை மாதிரி வெதுவெதுப்பான வாயு படிந்திருந்தால், அதைக் கடந்து வரும் எக்ஸ்ரேயின் ஆற்றல் கூடிவிடும். தட்டு உண்மையில் இருப்பதைவிடச் சூடாகத் தெரியும். சூடு அதிகம் என்று நம்பினால் பரப்பு சிறியது, விளிம்பு நெருக்கம், சுழற்சி வேகம் என்று கணக்கு ஓடும். போர்வையைக் கழித்துவிட்டால் எல்லாம் தலைகீழ்.

அப்படி ஓர் அடுக்கு அங்கே உண்மையில் இருக்கிறதா என்று அந்த ஆய்வாளர்கள் அடித்துச் சொல்லவில்லை. வேறு பொருட்களில் இந்த விளக்கம் பொருந்தியதால் இங்கும் போட்டுப் பார்த்தார்கள். சிக்னஸ் என்றால் அன்னம். பாலையும் நீரையும் பிரிப்பதாக நாம் சொல்லும் அதே பறவை. அதன் பெயர் கொண்ட கூட்டத்தில்தான் தட்டின் ஒளியையும் போர்வையின் ஒளியையும் பிரிக்க முடியாமல் தவிக்கிறார்கள்.

இந்தியாவுக்கு இதில் என்ன பங்கு?

2015 செப்டம்பர் 28ல் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட், அமெரிக்காவின் சந்திராவுடன் சேர்ந்து 4யூ 1630-47 என்ற இன்னொரு கருந்துளையை ஆராய்ந்தது. 2018ல் வெளியான முடிவு: சுழற்சி 0.92. அதுவும் எக்ஸ்ரே நிறமாலையை வைத்துச் சொன்ன எண் என்பதால், மேலே சொன்ன கேள்விகள் அதற்கும் பொருந்தும். சந்திரா என்பது லாகூரில் பிறந்து சென்னையில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர்தான்.

2024 ஜனவரி 1ல் இஸ்ரோ அனுப்பிய எக்ஸ்போசாட், முனைவாக்கத்தையும் நிறமாலையையும் சேர்த்தே அளக்கும் கருவிகளோடு சுற்றுகிறது. ஐஎக்ஸ்பிஇ பார்ப்பதைவிட அதிக ஆற்றல் கொண்ட எக்ஸ்ரேயை இதன் போலிக்ஸ் கருவி பார்க்கும். 2023 செப்டம்பரில் ஜப்பான் ஏவிய எக்ஸ்ரிசம், இரும்புக் கோட்டைப் பழைய கருவிகளைவிட 20 மடங்குக்கும் மேல் நுட்பமாகப் பிரித்துப் பார்க்கும். அந்த அகன்ற கோட்டில் எவ்வளவு உண்மையிலேயே தட்டில் இருந்து வந்தது, எவ்வளவு நீல நட்சத்திரத்தின் காற்றில் இருந்து வந்து கலந்தது என்பதைப் பிரிக்க அது உதவும்.