காலாப்பட்டு சீட்டு கை நழுவுவது ஜூனில் அல்ல, ஜனவரியில்! வில்லியனூர், பாகூர் மாணவர்கள் ஏமாறுவது ஏன்?

புதுவை நகரில் இருந்து வடக்கே போனால் காலாப்பட்டு. அங்கே கடலோரத்தில் ஏறத்தாழ 800 ஏக்கரில் பரந்து கிடக்கிறது புதுவைப் பல்கலைக்கழகம்.

மேற்கே போனால் வில்லியனூர். தெற்கே போனால் பாகூர். எல்லாம் ஒரே புதுவை மண்தான். ஆனால் இந்த இரண்டு கொம்யூன் பிள்ளைகளுக்கும் காலாப்பட்டு ஏதோ டெல்லிப் பக்கம் இருப்பது போலத் தெரிகிறது.

"அங்கேயெல்லாம் நமக்கு எங்கேப்பா சீட்டு கொடுக்கப் போறாங்க?" இதுதான் டீக்கடைப் பேச்சு. படித்த பிள்ளைகளே இப்படிச் சொல்லி ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

சீட்டு கிடைக்கவே கிடைக்காதா? கிடைக்கும். ஆனால் அது எந்த மாதத்தில் கை நழுவுகிறது என்பதுதான் பலருக்குத் தெரியவில்லை. பரீட்சை முடிந்து, மார்க் வந்து, ஜூன் மாதத்தில் ஓடினால் போதும் என்று நினைக்கிறார்கள்.

அதுதான் இல்லை! எம்.ஏ., எம்.எஸ்சி. சீட்டுக்கான வாசல் 2025-ல் ஜனவரியிலேயே திறந்து, சில வாரங்களில் மூடிவிட்டது.

அந்தக் காலம் வேறு

புதுவைக்கு என்று ஒரு பல்கலைக்கழகம் வந்தது 1985-ல். பாராளுமன்றத்தில் தனிச் சட்டம் போட்டு மத்திய அரசு இதை அமைத்தது. அதற்கு முன்பு புதுவைக் கல்லூரிகளில் படித்தவர்களுக்குப் பட்டம் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம்.

புதுவை, காரைக்கால், மாகி, ஏனாம் மட்டும் அல்ல. அந்தமான் தீவுகளும் லட்சத்தீவும் இதன் எல்லைக்குள் வருகின்றன. மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் நாடு முழுவதும் இருந்து மாணவ-மாணவிகள் வருகிறார்கள். கேரளத்துப் பிள்ளைகளும் ஒடிசாப் பிள்ளைகளும் காலாப்பட்டு வளாகத்தில் சர்வ சாதாரணம்.

2022-க்கு முன்பு பல்கலைக்கழகமே சொந்தமாக நுழைவுத் தேர்வு நடத்தியது. காலாப்பட்டுக்கு என்று ஒரு மனு, ஒரு பரீட்சை. யாரைக் கேட்டாலும் விவரம் சொல்லிவிடுவார்கள்.

2022-ல் எல்லாம் மாறியது. 'க்யூட்' எனப்படும் அகில இந்தியப் பொது நுழைவுத் தேர்வு வந்தது. டெல்லிப் பல்கலைக்கழகத்துக்கு மனு போடுகிறவரும் காலாப்பட்டுக்கு மனு போடுகிறவரும் இப்போது எழுதுவது ஒரே பரீட்சை.

தேதிதான் எமன்!

2025-ம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள்.

முதுகலைத் தேர்வுக்கு ஜனவரி 2-ந்தேதி மனு வாங்கத் தொடங்கினார்கள். பிப்ரவரி தொடக்கத்திலேயே கதவை மூடிவிட்டார்கள். மார்ச் 13-ந்தேதி பரீட்சையும் தொடங்கிவிட்டது.

அந்த நேரத்தில் நம் ஊர்ப் பிள்ளை எங்கே இருக்கிறான்? பி.ஏ., பி.எஸ்சி. கடைசி செமஸ்டரில் இருக்கிறான். கல்லூரிப் பரீட்சையே இன்னும் வரவில்லை. "முதலில் டிகிரியை முடிப்போம், அப்புறம் மேல்படிப்பைப் பார்க்கலாம்" என்று இருக்கிறான். டிகிரியை முடித்துவிட்டுப் பார்க்கும்போது அந்த ஆண்டு ரயில் போய்விட்டது!

பிளஸ்-2 முடித்து நேராகச் சேரக்கூடிய படிப்புகளும் காலாப்பட்டில் உண்டு. அதற்கு 2025-ல் மனு வாங்கியது மார்ச் மாதத்தில். அதே மார்ச்சில்தான் 12-ம் வகுப்பு அரசுப் பரீட்சையும் நடந்துகொண்டிருந்தது. வீட்டில் படித்தவர்கள் இருந்தால் அவர்கள் மனுவைப் போட்டுவிடுவார்கள். அப்பா கழனியில், அம்மா நூறு நாள் வேலையில் என்றால் யார் போடுவது?

தேதி ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் முன்னே பின்னே போகும். ஆனால் மார்க் வருகிற வரைக்கும் யாரும் காத்திருப்பது இல்லை. இதுதான் முக்கியம்.

மழையும் சேர்ந்து கெடுக்கிறது

ஜனவரிக்கு முந்தைய மாதங்கள் எப்படி இருக்கும்? அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை புதுவைக்கு மழைக்காலம்.

2024 நவம்பர் 30-ந்தேதி இரவு பெஞ்சல் புயல் புதுவை அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டாம் நாள் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து பாகூர் பக்கத்துக் கிராமங்களில் புகுந்தது. பள்ளி, கல்லூரிகளுக்கு லீவு விட்டார்கள்.

சேற்றை வாரி, நெல்லைக் காப்பாற்றி, வீட்டை ஒழுங்கு பண்ணி முடிப்பதற்குள் டிசம்பர் போய்விட்டது. முதுகலை மனு தொடங்கியது அடுத்த ஜனவரி 2-ந்தேதி. புயலுக்கும் மனுவுக்கும் நடுவில் ஒரு மாதம்தான்!

வெள்ளம் வந்தால் நெல்லுக்கு நஷ்டஈடு கேட்கலாம். தவறிப்போன மனுவுக்கு யாரிடம் நஷ்டஈடு கேட்பது?

25 சதவீதம்: உண்மை என்ன?

"புதுவைக்காரங்களுக்கு 25 சதவீதம் இருக்குதே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு.

பாதி உண்மை. புதுவை மாணவர்களுக்கு 25 சதவீத இட ஒதுக்கீடு சில குறிப்பிட்ட படிப்புகளுக்கு என்றுதான் கொண்டுவரப்பட்டது. எல்லாப் படிப்புக்கும் கொடுக்க வேண்டும் என்று மாணவர் அமைப்புகளும் அரசியல் கட்சிகளும் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வந்திருக்கின்றன.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு படிப்பில் 40 இடம் என்று வைத்துக்கொள்வோம். ஒதுக்கீடு இருந்தால் 10 இடம். அந்த 10 இடத்துக்கும் வில்லியனூர், பாகூர் பிள்ளைகளோடு நகரத்துப் பிள்ளைகளும் காரைக்கால் பிள்ளைகளும் மாகி, ஏனாம் பிள்ளைகளும் போட்டி போடுவார்கள். ஒதுக்கீடு இல்லாத படிப்பு என்றால் நாடு முழுவதோடும் மோத வேண்டும்.

ஆகவே எந்தப் படிப்பில் ஒதுக்கீடு உண்டு என்று அந்தந்த ஆண்டு விவரக் குறிப்பைப் பார்த்த பிறகே மனு போட வேண்டும். "பிரெண்டு போட்டான், நானும் போட்டேன்" என்றால் வாய்ப்பு பாதியாகிவிடும்.

இதில் இன்னொரு விஷயம். ஒதுக்கீடு இருந்தாலும் க்யூட் எழுதாதவருக்கு அது கை கொடுக்காது. ஜனவரியில் மனுவைத் தவறவிட்டவருக்கு 25 சதவீதமும் ஒன்றுதான், பூஜ்யமும் ஒன்றுதான்!

சர்டிபிகேட் வலை

அடுத்த கண்ணி, சாதிச் சான்றிதழ்.

புதுவை அரசுக் கல்லூரிகளில் 'சென்டாக்' மூலம் சேரும்போது எம்.பி.சி., பி.சி. என்ற சான்று செல்லும். காலாப்பட்டில் நடப்பது மத்திய அரசு முறை. அங்கே தாழ்த்தப்பட்டோருக்கு 15 சதவீதம், பழங்குடியினருக்கு 7.5 சதவீதம், ஓ.பி.சி.க்கு 27 சதவீதம். இதில் ஓ.பி.சி. சலுகை வேண்டும் என்றால் மத்திய அரசு படிவத்தில், 'கிரீமி லேயர்' இல்லை என்ற குறிப்போடு, நடப்பு ஆண்டுச் சான்று வேண்டும்.

பிளஸ்-2 சேர்க்கைக்கு வாங்கி டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கும் பழைய எம்.பி.சி. சான்றை எடுத்துக்கொண்டு போனால் செல்லாது. சேர்க்கை நாளில் போய் "ஐயா, ஒரு வாரம் டைம் கொடுங்க" என்று நிற்பதில் பலன் இல்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

வில்லியனூரிலும் தாலுகா ஆபீஸ் உண்டு. பாகூரிலும் உண்டு. தூரம் பிரச்சினை இல்லை. எந்தப் படிவத்தில் கேட்க வேண்டும் என்பது தெரியாததுதான் பிரச்சினை.

மூன்றாவது கண்ணியும் இருக்கிறது. க்யூட் எழுதினால் மட்டும் போதாது. மார்க் வந்ததும் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக மனு போட வேண்டும். "பரீட்சைதான் எழுதிட்டோமே, கூப்பிடுவாங்க" என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

பரீட்சை அவ்வளவு பயங்கரமா?

'அகில இந்தியா' என்றதும் பயம் வருகிறது. பரீட்சை எப்படி என்று பார்த்தால் அந்தப் பயம் பாதி தீரும்.

2025 முறைப்படி, பிளஸ்-2 முடித்தவர்களுக்கு ஒரு பாடத்துக்கு 50 கேள்வி, 60 நிமிடம். சரியான விடைக்கு 5 மார்க். தப்பானால் 1 மார்க் போய்விடும். எல்லாம் கம்ப்யூட்டரில். தமிழிலும் எழுதலாம்.

முதுகலைக்கு 75 கேள்வி, 90 நிமிடம். சரியானால் 4 மார்க், தப்பானால் 1 மார்க் கழிவு. இங்கேதான் சிக்கல். மொழிப் பாடங்கள் நீங்கலாக மற்ற கேள்வித்தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகின்றன. தமிழில் யோசித்துப் படித்த கிராமத்துப் பிள்ளைக்கு இது கூடுதல் சுமை. இந்தக் குறையை மறைப்பதற்கு இல்லை.

ஆனால் ஒரு நல்ல சேதியும் உண்டு. புதுவை, காரைக்கால் அரசுப் பள்ளிகளில் முன்பு தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் இருந்தது. அது படிப்படியாக மாறி, 2025-ல் முதல் முறையாக அரசுப் பள்ளி மாணவர்கள் சி.பி.எஸ்.இ. 12-ம் வகுப்புப் பரீட்சை எழுதினார்கள். பிளஸ்-2 முடித்தவர்களுக்கான க்யூட் கேள்விகளும் அதே மத்தியப் பாடப்புத்தகத்தை வைத்துத்தான் வருகின்றன.

பாடத்திட்டம் மாறியபோது பெற்றோர் கவலைப்பட்டதில் நியாயம் உண்டு. மாறியாகிவிட்டது. இனி அதில் கிடைக்கிற லாபத்தையும் விடக்கூடாது அல்லவா? டெல்லிப் பையன் படிக்கிற புத்தகத்தைத்தான் இப்போது பாகூர்ப் பையனும் படிக்கிறான்.

இரண்டு பஸ், ஒரு படிப்பு

சீட்டு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தினம் போய்வருவது எப்படி?

பாகூரில் இருந்து கடலூர் ரோட்டைப் பிடித்து, தவளக்குப்பம், அரியாங்குப்பம் தாண்டிப் புதுவை பஸ் நிலையம். அங்கே இறங்கி இன்னொரு பஸ். கோட்டக்குப்பம் வந்தால் அது தமிழ்நாடு. அதையும் தாண்டினால்தான் மறுபடி புதுவை மண்ணான காலாப்பட்டு. மொத்தம் 30 கிலோமீட்டருக்குக் குறையாது. காலை நெரிசலில் ஒன்றரை மணி நேரம் எளிதில் போய்விடும். மழை நாளில் கேட்கவே வேண்டாம்.

வில்லியனூர்ப் பிள்ளைக்குத் தூரம் குறைவு. ஆனால் அங்கேயும் நகரத்துக்குள் நுழைந்துதான் வெளியேற வேண்டும்.

பெண் பிள்ளை என்றால் பெற்றோர் இன்னும் யோசிக்கிறார்கள். "பொழுது சாய்ந்தால் பஸ் கிடைக்குமா பாப்பா?" என்ற ஒரு கேள்வியிலேயே எம்.எஸ்சி. கனவு பி.எட். ஆகிறது. இல்லையென்றால் கல்யாணப் பேச்சு ஆகிறது.

காலாப்பட்டு கிடைக்கவில்லை என்றால் வாழ்க்கை முடிந்துவிடவில்லை. லாஸ்பேட்டையில் காஞ்சி மாமுனிவர் பட்டமேற்படிப்பு மையம் இருக்கிறது. தாகூர் கல்லூரி, பாரதிதாசன் மகளிர் கல்லூரி என்று அரசுக் கல்லூரிகளும் இருக்கின்றன. அவற்றில் படித்தாலும் பட்டம் கொடுப்பது புதுவைப் பல்கலைக்கழகம்தான். பட்டத்தில் காலாப்பட்டு முத்திரை இருக்கிறது. காலாப்பட்டு வகுப்பில் நம் பிள்ளை இல்லை. அதுதான் குறை.

என்ன செய்யலாம்?

டாக்டர் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 சதவீத உள் ஒதுக்கீடு 2023-ல் புதுவையில் கிடைத்தது. கேட்டுப் போராடியதால் வந்தது. காலாப்பட்டிலும் எல்லாப் படிப்புக்கும் 25 சதவீதம் என்பது கேட்க வேண்டிய கோரிக்கைதான். முதுகலைக் கேள்வித்தாள் தமிழிலும் வேண்டும் என்பதும் நியாயமான கோரிக்கையே.

ஆனால் அது வருகிற வரைக்கும் சும்மா இருக்க முடியாது. செலவு இல்லாத வேலை ஒன்று இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் ஒவ்வொரு கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், விவரம் தெரிந்த ஓர் ஆள். மேல்நிலைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆசிரியர்களே பக்கத்தில் உட்கார்ந்து மனுவைப் போட்டுவிட வேண்டும். பொதுப்பிரிவுக்கு மனுக் கட்டணமே ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. அதைக் கட்ட முடியாத பிள்ளைக்கு ஊர்க்காரர்கள் கை கொடுக்கலாம். திருவிழாவுக்கு வசூல் பண்ணுகிற ஊருக்கு இது பெரிய தொகை இல்லை.

பாகூருக்கு இது புதிதும் அல்ல. 9-ம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் ஒரு கல்லூரி நடந்தது. அதன் செலவுக்கு 3 கிராமங்களை எழுதி வைத்தார்கள். அதைச் சொல்லும் செப்பேடுகள் இன்று பாரிஸ் நகரத்து நூலகத்தில் இருக்கின்றன.

பிறர் படிக்க 3 கிராமத்தைக் கொடுத்த ஊர்ப் பிள்ளை, ஒரு மனுவைப் போடத் தெரியாமல் வீட்டில் இருக்கலாமா?

போகிக்கு முன் சர்டிபிகேட். பொங்கலுக்கு முன் மனு. இதை வாசலில் எழுதி ஒட்டினாலும் தப்பில்லை!