சொந்த மில் இல்லாத வைரஸ்!

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் வீட்டுக்கு ஒருவராவது மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருப்பார். மருந்துக்கடையில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது: ‘அண்ணே, சளியும் காய்ச்சலுமா இருக்கு. மூணு நாளைக்கு ஆன்டிபயாடிக் குடுங்க!’

சாதாரண சளிக்கும் ஃப்ளூ காய்ச்சலுக்கும் காரணம் வைரஸ். ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. ஏன் என்று தெரிந்துகொள்ள, நெல் அரவை மில் வரை போய் வருவோமா?

சீட்டு யாருடையது?

மில்லில் பத்து வேலிக்காரர் நெல்லும் ஒன்றுதான், அரை ஏக்கர்காரர் நெல்லும் ஒன்றுதான். கொட்டினால் அரைத்துக் கொடுக்கும். யார் வீட்டு மூட்டை என்று இயந்திரம் கேட்காது.

நம் செல்களுக்குள்ளும் லட்சக்கணக்கில் குட்டி மில்கள் இருக்கின்றன. அவற்றின் பெயர் ரைபோசோம். ‘இந்தப் புரதம் வேண்டும்’ என்று டி.என்.ஏ.விலிருந்து படியெடுத்த ஒரு சீட்டு அங்கே வரும். அதுதான் எம்.ஆர்.என்.ஏ. சீட்டில் உள்ள வரிசைப்படி அமினோ அமிலங்களைக் கோத்து, ரைபோசோம் புரதத்தைச் செய்து தரும். சீட்டை எழுதியது யார் என்று அதுவும் கேட்பதில்லை.

வைரஸுக்குச் சொந்த மில் கிடையாது. அதன் கையில் இருப்பது வெறும் சீட்டுதான். பெருக வேண்டுமென்றால் நம் மில்லுக்குள் நுழைந்தே தீர வேண்டும்.

இதில் ஒவ்வொரு வைரஸுக்கும் ஒரு தந்திரம். நம் சீட்டுகளின் தலையில் ஒரு முத்திரை இருக்கும். அதைப் பார்த்துத்தான் பெரும்பாலும் அரவை தொடங்கும். ஃப்ளூ வைரஸ் அந்த முத்திரையைக் கத்தரித்துத் தன் சீட்டின் தலையில் ஒட்டிக்கொள்கிறது!

கொரோனா இன்னும் கில்லாடி. அதன் என்.எஸ்.பி.1 என்ற புரதம், ரைபோசோமுக்குள் சீட்டு நுழையும் வழியிலேயே போய் அடைத்துக்கொள்கிறது. நம் சீட்டுகள் வெளியே காத்துக்கிடக்க, வைரஸின் சீட்டு மட்டும் உள்ளே போகும். ஊர் வாய்க்கால் மதகை அடைத்துவிட்டு, தன் வயலுக்கு மட்டும் தண்ணீர் திருப்பிக்கொள்கிற கதைதான்.

செல்லும் சும்மா இருப்பதில்லை. திருட்டு அரவை நடப்பது தெரிந்ததும் தன் மில்லையே மெதுவாக்கிவிடும். இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை அனுப்பி, அக்கம்பக்கத்துச் செல்களையும் எச்சரிக்கும். நமக்கு வரும் காய்ச்சல், உடம்புவலி, அசதியில் பெரும்பங்கு இந்தப் போராட்டத்தின் விளைவுதான்.

சிதம்பரத்தில் பிறந்தவர் காட்டிய படம்

இந்த ரைபோசோம் எப்படி இருக்கும் என்று அணு அணுவாகப் படம்பிடித்துக் காட்டியவர்களில் ஒருவர் நம்மூர்க்காரர். கொள்ளிடத்தைத் தாண்டினால் வரும் சிதம்பரத்தில் 1952-ல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் இருவருடன் சேர்ந்து 2009-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். பாக்டீரியாவின் ரைபோசோமில் பல ஆன்டிபயாடிக்குகள் எந்த இடத்தில் போய் ஒட்டுகின்றன என்பதையும் இவர்களின் ஆய்வு காட்டியது.

நம் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. பாக்டீரியா ஓர் உயிருள்ள செல். அதற்குச் சொந்த மில் உண்டு. அந்த மில்லின் அமைப்பு நம்முடையதிலிருந்து கொஞ்சம் வேறு. அசித்ரோமைசின், டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்துகள் அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு பாக்டீரியாவின் மில்லை நிறுத்துகின்றன. அமாக்ஸிசிலின் பாக்டீரியாவின் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கிறது. வைரஸுக்கோ மில்லும் இல்லை, அப்படிப்பட்ட சுவரும் இல்லை. மருந்து யாரைப் போய் அடிக்கும்?

‘போட்டால் சரியாகிவிடுகிறதே?’ என்பீர்கள். சாதாரண சளி ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே இறங்கும். பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது!

ஆனால், நஷ்டம் நமக்கு. தேவையில்லாமல் போடும் ஒவ்வொரு முறையும், உடம்பிலுள்ள பாக்டீரியாக்களில் மருந்துக்கு மசியாதவை மிஞ்சிப் பெருகும். நாளை பாட்டிக்கோ, பிரசவித்த மகளுக்கோ, குழந்தைக்கோ உண்மையிலேயே பாக்டீரியா தொற்று வரும்போது அதே மருந்து கைகொடுக்காமல் போகலாம்.

நாம் என்ன செய்யலாம்?

* சளி, லேசான காய்ச்சலுக்கு ஓய்வு, கஞ்சி, ரசம், நிறைய வெந்நீர். இருமும்போது வாயை மூடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

* காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ, விட்டுத் திரும்ப வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, குழந்தை சாப்பிடாமல் துவண்டாலோ தாமதிக்கவே வேண்டாம். முதியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள் முதலிலேயே போய்விடுவது நல்லது.

* ஃப்ளூவைத் தொடர்ந்து சிலருக்கு பாக்டீரியா நிமோனியா வருவதுண்டு. அப்போது மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதினால், அவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். மிச்சம் வைத்து அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள்.

* மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால், அது மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. அடுத்த முறை கடையில் அந்த அட்டையை நீட்டினால், ‘சளிக்கு இது வேண்டாம்ணே’ என்று தைரியமாகச் சொல்லுங்கள்.