கிழிச்சுப் போடாதீங்க, அனாமத்துல எழுதுங்க

போன மாசம் ஒரு இன்டர்வியூ கைவிட்டுப் போச்சு. கூப்பிட்டதே எனக்குத் தெரியாது. "ரெண்டு மெயில் போட்டோமே தம்பி, ஏன் வரல?"னு அந்த ஆபீஸ்ல இருந்து போன் வந்தப்போதான் தெரிஞ்சுது. இன்பாக்ஸ்ல இல்ல, ஸ்பாம் ஃபோல்டர்லயும் இல்ல.

என் மெயில் இருக்கறது நண்பன் ஒருத்தன் நடத்துற சின்ன சர்வர்ல. வர்ற மெயிலை போஸ்ட்ஃபிக்ஸ் வாங்கி டவ்காட் கையில கொடுக்கும். டவ்காட், நாம எழுதி வெச்ச சீவ் ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்த்து எந்த ஃபோல்டர்ல போடறதுன்னு முடிவு பண்ணும். சீவ்னா சல்லடை, பொருத்தமான பேர்தான்.

போஸ்ட்ஃபிக்ஸ் லாக்ல 'டெலிவரி ஆயிருச்சு'ன்னு சமர்த்தா எழுதியிருந்துச்சு. அதே நேரத்து டவ்காட் லாக்கைப் பார்த்தா, டிஸ்கார்ட்! தூக்கிப் போட்டாச்சு. போடச் சொன்னது யாரு? நானேதான். தலைப்புல 'சியாலிஸ்' மாத்திரை பேர் இருந்தா குப்பைன்னு ஒரு விதி எழுதியிருந்தேன். அந்த ஆபீஸ் கூப்பிட்டது 'டாக்ஸ் ஸ்பெஷலிஸ்ட்' வேலைக்கு. ஸ்பெஷலிஸ்ட்ங்கற சொல்லை இங்கிலீஷ்ல எழுதிப் பாருங்க, நடுவுல அந்த மாத்திரை அப்படியே உட்கார்ந்திருக்கும். 'கன்டெய்ன்ஸ்' விதி எழுத்து வரிசையை மட்டும்தான் பார்க்கும், முழுச் சொல்லான்னு பார்க்காது.

விதி தப்பா எழுதறது சகஜம். என் கோபம் டிஸ்கார்ட் மேலதான். சேமிச்சு வெச்ச மெயிலைக் கொடுத்தா, ஸ்கிரிப்ட் அதை என்ன பண்ணும்னு நிஜமா டெலிவரி பண்ணாமலே சொல்ல 'சீவ்-டெஸ்ட்'னு ஒரு கமாண்ட் இருக்கு. ஆனா கிழிச்சுப் போட்ட மெயிலை எங்க போய்த் தேடறது? லாக்ல மிஞ்சினது மெசேஜ் ஐடி மட்டும்தான். தலைப்பு என்னன்னு வெட்கத்தை விட்டு அந்த ஆபீஸ்லயே கேட்டேன்.

இத்தனைக்கும் சீவை உருவாக்கினவங்க ரொம்ப ஜாக்கிரதையானவங்க. 2001-ல வந்த ஆர்.எஃப்.சி. 3028-லயும் சரி, 2008-ல அதைத் திருத்தி வந்த 5228-லயும் சரி, அடிப்படை மொழியில லூப் கிடையாது. ஸ்கிரிப்ட் ஒண்ணுமே சொல்லலைன்னா மெயில் இன்பாக்ஸுக்குத்தான் போகும். ஓடறப்போ பிழை வந்தாலும் அப்படித்தான். அவ்வளவு பாதுகாப்பையும் நாம ஒரே ஒரு வார்த்தையில காலி பண்ணிடறோம்.

'ரிஜெக்ட் போடேன்'னு நண்பன் சொன்னான். குப்பை மெயில்ல அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி. திருப்பி அனுப்பினா சம்பந்தமே இல்லாத எவனோ ஒருத்தன் தலையில போய் விழும். வேண்டாம்.

காமர்ஸ் படிக்கறவங்களுக்கு இது புதுசு இல்ல. எந்தக் கணக்குன்னு தெரியாத தொகை வந்தா வவுச்சரைக் கிழிக்கறோமா? அனாமத்துக் கணக்குல எழுதி வெச்சு அப்புறமா சரி பார்க்கறோம். இப்ப என் ஸ்கிரிப்ட்ல டிஸ்கார்ட் ஒண்ணு கூட இல்ல. எல்லாமே ஃபைல்இன்டூ, ஃபோல்டர் பேரும் 'அனாமத்து'. முப்பது நாள் ஆனதெல்லாம் தானா அழிஞ்சுடும்.

போன ஞாயித்துக்கிழமை திறந்து பார்த்தேன். நாற்பது குப்பை, நடுவுல லைப்ரரி அபராத நோட்டீஸ் ஒண்ணு. 'இறுதி அறிவிப்பு'ன்னு தலைப்பு வெச்சா மாட்டாம என்ன செய்யும்? இது மட்டும் காணாமப் போயிருக்கலாம் :-)