எந்த மரம் என்பதைவிட எத்தனை ஆண்டு!

மரத்தை வெட்டுவது பாவம், பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரமே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று பலர் எண்ணுகின்றனர். கணக்கு வேறு சொல்கிறது.

பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் அமைப்பின் மதிப்பீட்டில், இரண்டு மீட்டர் உயரச் செயற்கை மரத்தின் கரிம வெளியேற்றம் சுமார் 40 கிலோகிராம். அதே உயர இயற்கை மரம் குப்பைமேட்டில் மக்கினால் 16 கிலோ. எரிக்கப்பட்டால் ஏறக்குறைய 3.5 கிலோ.

ஆனால், அது பிரிட்டனின் கணக்கு. சிங்கப்பூரில் ஃபிர் மரம் விளைவதில்லை. அமெரிக்காவிலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும் குளிரூட்டப்பட்ட கொள்கலனில் கடல் கடந்து வருகிறது; சில வாரங்களில் குப்பையாகிறது. செயற்கை மரத்திலோ பிவிசியும் இரும்புக் கம்பியும் பின்னிக் கிடப்பதால் மறுபயனீடு கடினம். எரியாலையில் எஞ்சும் சாம்பல் செமாக்காவ் தீவுக்குப் போகும். அந்த நிரப்பிடமோ 2035ஆம் ஆண்டுவாக்கில் நிறைந்துவிடும் எனக் கணிக்கப்பட்டுள்ளது.

மாணவர்களே, வீட்டில் ஏற்கெனவே செயற்கை மரம் இருந்தால் அதையே 12 ஆண்டுகள் பயன்படுத்துங்கள். 40 கிலோவை 12ஆல் வகுத்துப் பாருங்கள், ஆண்டுக்கு 3.5 கிலோவுக்கும் குறைவு. வளைந்த கிளையை நிமிர்த்தலாம். புதிய வண்ணம் விற்பனைக்கு வந்துவிட்டது என்பதற்காகப் பழையதை வீசவேண்டாம். மரமே இல்லாதவர்கள் தொட்டிச் செடியை அலங்கரிக்கலாம். பண்டிகை முடிந்தாலும் அது வளரும்.